காவலும் ஜாமீனும்

உலகத்தின் முதல் கொலைகாரன் சொன்ன வார்த்தையிலிருந்து ஒரு நல்ல காரியத்துக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள். 2014 பிப்ரவரி 27 அன்று ஒபாமா வெள்ளை மாளிகையில் தொடங்கி வைத்த திட்டத்தின் பெயர் 'மை பிரதர்ஸ் கீப்பர்'. கறுப்பின, லத்தீன் அமெரிக்க, பூர்வகுடிச் சிறுவர்களும் இளைஞர்களும் படிப்பில் பின்தங்காமலும் சிறைக்குப் போகாமலும் இருக்க, அரசாங்கத்தோடு ஊர்களும் பள்ளிகளும் தேவாலயங்களும் கம்பெனிகளும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்பது நோக்கம். ஐந்து வருஷங்களில் 20 கோடி டாலர் தருவதாக அறக்கட்டளைகள் அன்றே சொல்லின. பின்னால் ஏறக்குறைய 250 ஊர்கள் இதை ஏற்றுக்கொண்டன. (இந்தப் பிள்ளைகள் அனைவரையும் ஆங்கிலத்தில் 'நிறமுள்ளவர்கள்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். தமிழில் அப்படிச் சொன்னால் வெள்ளைக்கு நிறமே இல்லையென்று ஆகிவிடுகிறது. சொல்லின் குறை அதுதான் போலும்.)

பெயரின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆதியாகமத்தில் காயீன் தன் தம்பி ஆபேலை வயல்வெளியில் கொன்றுவிடுகிறான். தம்பி எங்கே என்று கடவுள் விசாரிக்கிறார். தெரியாது என்று பொய் சொல்லிவிட்டு, அவனைக் காப்பது தன் வேலையா என்கிற பாவனையில் காயீன் ஒரு எதிர்க்கேள்வி போடுகிறான். காப்பவன் என்ற இடத்தில் தமிழ் வேதாகமம் 'காவலாளி' என்ற சொல்லை வைத்திருக்கிறது. இந்தக் கேள்வியின் சாமர்த்தியம் கவனிக்கத்தக்கது. ஆபேலைக் காவல் காக்கத் தவறினான் என்பதல்ல காயீன் மேல் உள்ள குற்றச்சாட்டு, கொன்றான் என்பது. கொலையைப் பற்றிய விசாரணையைப் பராமரிப்பைப் பற்றிய விவாதமாக அவன் மாற்றப் பார்க்கிறான். கடவுள் அதில் விழவில்லை. ஆம், நீ காவலாளிதான் என்று அவர் எங்கும் சொல்லவில்லை; அவன் செய்த காரியம் என்ன என்றுதான் திருப்பிக் கேட்கிறார். அந்த 'ஆம்' பிற்காலப் பிரசங்க மேடைகள் இட்டு நிரப்பியது.

லெவினாஸ் ஓரிடத்தில் காயீனின் பதிலைப் பரிகாசமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்கிறார். நான் நான், அவன் அவன் என்ற இருப்பு நிலையிலிருந்து நேர்மையாக வந்த பதில் அது. அதில் இல்லாதது அறம் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. தத்துவவாதிக்கு அது சரியாக இருக்கலாம். கதையைக் கதையாகப் படிக்கிற எனக்கு, கையில் ரத்தம் காய்வதற்குள் கொள்கை பேசுகிறவனிடம் அவ்வளவு நேர்மை தெரியவில்லை.

தமிழில் யோசிக்கிறவனுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. காவல் என்ற நம் சொல்லுக்கு இரண்டு முகம். பயிர்க்காவல், ஊர்க்காவல், தெய்வத்தின் காவல் என்கிறபோது அது பாதுகாப்பு. காவல் நிலையம், நீதிமன்றக் காவல், காவலில் வைத்து விசாரணை என்கிறபோது அது பிடித்து அடைத்து வைப்பது. அமெரிக்காவில் கறுப்பினப் பையன்களுக்கு முதல் காவல் எந்நாளும் பற்றாக்குறை. இரண்டாவது தாராளமாகக் கிடைத்திருக்கிறது. 2012 பிப்ரவரி 26 அன்று ஃப்ளாரிடாவில் ஸான்ஃபோர்டு என்ற ஊரில், கடையில் மிட்டாயும் குடிக்க ஒரு பானமும் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்த 17 வயது ட்ரேவான் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் அந்தக் குடியிருப்பின் தன்னார்வக் காவல் குழுவைச் சேர்ந்தவர். 2013 ஜூலையில் அவரை ஜூரி விடுதலை செய்தது. ஒபாமாவின் திட்டம் இந்தச் சாவின் நிழலில் பிறந்தது. தொடக்க விழாவில் ட்ரேவானின் தாயும் தந்தையும் உட்கார்ந்திருந்தார்கள். காவல்காரன் ஒருவனால் இறந்த பையனின் பெற்றோர் முன்னிலையில் காவல்காரன் என்ற பெயரிலேயே ஒரு திட்டம். இதில் யாருக்கும் எந்த உறுத்தலும் ஏற்படாததற்கு அந்த வாக்கியத்தின் புனிதத் தழும்பு காரணமாக இருக்கலாம்.

பெயரோடு இவ்வளவு மல்லுக்கட்டுவானேன் என்று கேட்கலாம். பெயரில் ஒரு மனோபாவம் இருக்கிறது. அது செயலுக்குள்ளும் கசிகிறது என்பதற்காகத்தான். காவலாளி என்று ஆனதும் ஒருவன் நின்றுகொள்கிறான், மற்றவன் உட்கார வைக்கப்படுகிறான். யாரிடம் குறை, யார் திருந்த வேண்டும் என்பது பேசாமலே தீர்மானமாகிவிடுகிறது. திட்டத்தின் ஆறு இலக்குகளையும் பாருங்கள்: பள்ளிக்குத் தயாராகப் போவது, மூன்றாம் வகுப்பில் ஒழுங்காக வாசிப்பது, பள்ளிப்படிப்பை முடிப்பது, அதற்குமேல் ஒரு படிப்பு, வேலை, வழிதவறாமை. ஆறிலும் கடைசியில் அளக்கப்படுகிறவன் பையன். வேலை கொடுக்காத முதலாளியும், தெருவில் நிறுத்திச் சோதனை போடும் போலீஸ்காரரும் இந்த ஆறு படிகளில் எதிலும் ஏறி இறங்க வேண்டியதில்லை.

அன்றைய பேச்சில் ஒபாமா பையன்களைப் பார்த்துச் சாக்குப்போக்குக் கூடாது என்றார். கறுப்பினத் தலைவர்கள் தங்கள் இளைஞர்களிடம் காலம் காலமாகச் சொல்லிவரும் வார்த்தை அது. வீட்டுக்குள் சொன்னால் அதற்கு ஒரு அர்த்தம், வெள்ளை மாளிகையிலிருந்து நாட்டுக்கே கேட்கும்படி சொன்னால் வேறு அர்த்தம். ஆனால் அதே மனிதர், சிகாகோ பையன்களிடம் பேசும்போதும் இந்த மேடையிலும், தன்னைப் பற்றி வேறொன்றும் சொன்னார். தகப்பன் இல்லாமல் வளர்ந்தது, போதைப் பொருளைத் தொட்டது, படிப்பை அலட்சியம் செய்தது எல்லாம் தனக்கும் உண்டு; தான் வளர்ந்த சூழல் இன்னும் கொஞ்சம் மன்னிக்கக் கூடியதாக இருந்தது என்பதுதான் வித்தியாசம் என்றார். இவ்வளவு பெரிய உண்மையை இவ்வளவு சாதாரணமாக அவர் போட்டுவிட்டுப் போனது எனக்கு ஆச்சரியம். ஹவாய் சூழலின் மன்னிப்பால் ஒருவன் ஜனாதிபதி ஆனான். அந்த மன்னிப்பு இல்லாததால் இன்னொருவன் ஜெயிலுக்குப் போனான் என்றால், சரிசெய்ய வேண்டியது மன்னிப்பின் விநியோகத்தை. சாக்குப்போக்கு இரண்டு பேரிடமும் ஒரே அளவுதானே இருந்தது?

இங்கே எல்லிசன் ஞாபகம் வராமல் போகாது. 'இன்விஸிபிள் மேன்' நாவல் 1952-இல் வந்தது. அதன் முதல் அத்தியாயத்தில் பள்ளிப்படிப்பை நன்றாக முடித்த கறுப்பினப் பையனை ஊரின் வெள்ளைப் பிரமுகர்கள் கூட்டத்தில் பேச அழைக்கிறார்கள். பேசுவதற்கு முன் ஒரு வேடிக்கை. அவனையும் வேறு சில கறுப்பினப் பையன்களையும் கண்ணைக் கட்டி மோதவிடுகிறார்கள். பிறகு மின்சாரம் பாய்ந்த ஜமக்காளத்தின் மேல் காசுகளைப் போட்டுப் பொறுக்கச் சொல்கிறார்கள். அதற்கப்புறம், வாயில் ரத்தத்தோடு, அவன் சமூகத்தில் பொறுப்பு என்ற விஷயத்தைப் பற்றிப் பேசுகிறான். ஓரிடத்தில் நாக்குத் தவறிப் பொறுப்பு என்பதற்குப் பதில் சமத்துவம் என்று வந்துவிடுகிறது. சபை உறைந்துபோகிறது. திருத்திக்கொண்டபின்தான் அவனுக்குத் தோல்பை பரிசு. உள்ளே கறுப்பினக் கல்லூரி ஒன்றில் படிக்க உபகாரச் சம்பளம். அன்றிரவு கனவில் அந்தப் பைக்குள்ளிருந்து வரும் காகிதம் இவனை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும்படி உத்தரவிடுகிறது.

உதவி பொய்யில்லை, உபகாரச் சம்பளம் நிஜமானது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் குரூரம். அதை வைத்து அவன் படிக்கவே செய்கிறான். ஆனால் அதற்கு அவன் கொடுத்த விலை ஒரு சொல். சமத்துவம் என்பதை விழுங்கிவிட்டுப் பொறுப்பு என்பதை மட்டும் உச்சரிக்க வேண்டும். இளைஞர்களை முன்னேற்றும் எந்தத் திட்டத்தையும் நான் இந்த ஒரு சோதனையை வைத்துத்தான் பார்க்கிறேன்: உதவி வாங்கிக்கொள்கிற பையன் எந்தச் சொல்லை விழுங்க வேண்டியிருக்கிறது?

இந்தச் சோதனையில் தேறும் முயற்சிகளும் இருக்கின்றன. சிகாகோவில் 'யூத் கைடன்ஸ்' என்ற அமைப்பு 2001-இல் தொடங்கிய 'பிகமிங் எ மேன்' அவற்றில் ஒன்று. 2013 பிப்ரவரியில் ஒபாமா போய் உட்கார்ந்து பேசிய சிகாகோ பையன்கள் இந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள்தான். வாரம் ஒரு மணி நேரம், பள்ளி நேரத்திலேயே, சின்னச் சின்னக் குழுக்களாகப் பையன்கள் ஓர் ஆலோசகரோடு வட்டமாக உட்கார்வார்கள். (ஒரு வகுப்புக்கு மட்டம் போடலாம் என்பதும் ஓர் ஈர்ப்பு, இதை நடத்துகிறவர்கள் மறைப்பதில்லை.) அதில் ஒரு விளையாட்டு. பையன்கள் ஜோடி ஜோடியாகப் பிரிகிறார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. மற்றவன் அதை 30 விநாடிகளுக்குள் வாங்க வேண்டும். உடனே தள்ளுமுள்ளு, விரலை முறுக்குதல், தரையில் உருளுதல். நேரம் முடிந்ததும் ஆலோசகர் கேட்கிறார்: யாராவது பந்தைக் கொடு என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டான், என்னைக் கோழை என்று நினைத்திருப்பான் என்கிறான் ஒருவன். ஆலோசகர் பந்து வைத்திருந்தவனைத் திரும்பிப் பார்க்கிறார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்கிறான் அவன்.

எல்லிசனின் ஜமக்காளத்தையும் இந்தப் பந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் பையன்கள் மோதிக்கொள்கிறார்கள், மோதவிடுகிறவர் பெரியவர். அங்கே மோதல் பார்வையாளருக்கான வேடிக்கை. இங்கே மோதல் மோதியவனுக்கே திருப்பிக் கொடுக்கப்படும் ஒரு கேள்வி. அதைவிட முக்கியமானது, சண்டை கெட்டது என்ற நீதி போதனை இங்கே இல்லாதது. இதை ஆராய்ந்த சிகாகோப் பல்கலைக்கழகத்தார் தங்கள் கட்டுரையில் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்: சில தெருக்களில் சாப்பாட்டுக் காசைப் பிடுங்க வருகிறவனிடம் பேசாமல் கொடுத்துவிடுகிற பையன் நாளைக்கும் மறுநாளும் பிடுங்கப்படுவான், அங்கே எதிர்த்து நிற்பது புத்திசாலித்தனம். வசதியான தெருவில் அதே காரியம் அசட்டுத்தனம். அப்படியானால் பையனின் கை தானாக ஓங்குவது அவன் ரத்தத்தில் உள்ள கோளாறில்லை. அவன் தெரு கற்றுக்கொடுத்த பாடம் அது. வகுப்பறையிலும் அதே பாடத்தை ஒப்பிக்கிறபோது மாட்டிக்கொள்கிறான். நிதானித்து, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்க்கச் சொல்வதுதான் பயிற்சி. 2009-10 பள்ளி வருஷத்தில் 18 பள்ளிகளில் 2,740 பையன்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், நிகழ்ச்சி நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. பையன் இங்கே எந்தச் சொல்லையும் விழுங்க வேண்டியிருக்கவில்லை. உன் தெரு அப்படிப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச்சே ஆரம்பிக்கிறது.

இந்த இடத்தில் நம் நண்பர்களில் ஒரு சாரார் நாற்காலியின் நுனிக்கு வந்திருப்பார்கள். அமைப்பை விட்டுவிட்டு ஆளைத் திருத்துகிற ஒட்டுப்போடும் வேலை இது என்பார்கள். அவர்களுக்கு இன்னும் நல்ல உவமை ஒன்று அமெரிக்காவிலேயே கிடைக்கும். லானி கினியரும் ஜெரால்ட் டோரஸும் 2002-இல் 'த மைனர்ஸ் கேனரி' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு குருவியை எடுத்துப் போவார்கள். அது துவண்டால் ஆட்கள் வெளியேற வேண்டும். அமெரிக்கா என்ன செய்கிறதென்றால், துவளும் குருவிக்குச் சின்னதாக ஒரு முகமூடி செய்து மாட்டுகிறது, காற்றைச் சரிசெய்வதில்லை. உவமை சரியானது. ஆனால் காற்றைச் சரிசெய்யும் வரை குருவியை என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. பத்தொன்பது வயதைத் தாண்ட வேண்டிய ஒருவனிடம் சமுதாய மாற்றத்துக்குக் காத்திரு என்று சொல்வதற்கு ஒரு கல்நெஞ்சம் வேண்டும். கொள்கைப் பிடிப்பு என்று நாம் மரியாதை செய்வதில் பாதி இந்தக் கல்நெஞ்சம்தான் என்பது என் அபிப்பிராயம்.

கெனத் கிளார்க் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்த்தவர். பொம்மைகளை வைத்து அவரும் மனைவி மேமியும் செய்த சோதனைகள் 1954-இன் பள்ளிப் பிரிவினைத் தீர்ப்பில் இடம் பெற்றன. 1962-இல் ஹார்லெமில் இளைஞர்களுக்காக 'ஹார்யூ' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1964-இல் அது 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ஓர் அறிக்கை வெளியிட்டது. அறிக்கையின் துணைத் தலைப்பில் கிளார்க் வைத்த சொல் அதிகாரமின்மை. படிப்பின்மையோ ஒழுக்கமின்மையோ அல்ல. ஹார்லெமின் பிள்ளைகள் கெட்டுப்போவதற்குக் காரணம் அந்த ஊரைப் பற்றிய எந்த முடிவும் அந்த ஊரார் கையில் இல்லாதது. ஆகவே அவர்களே நடத்தாத எந்த உதவியும் அதே வியாதியின் இன்னொரு வேளை மருந்தாகிவிடும் என்றார். பிறகு நடந்தது வழக்கமான கதை. பணம் வரப்போகிறது என்றதும் காங்கிரஸ் உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவலோடு யார் கையில் கட்டுப்பாடு என்ற சண்டை; அதே 1964-இல் கிளார்க் ராஜினாமா செய்தார். மறு வருஷமே மொய்னிஹன் அறிக்கை. அதில் மையம் கறுப்பினக் குடும்பம், தகப்பனில்லாத வீடு. ஒரே வருஷத்தில் விசாரணை தெருவிலிருந்து வீட்டுக்குள் போய்விட்டது. காயீனின் சாமர்த்தியம் என்று நான் முன்னே சொன்னது இதைத்தான்.

காயீன் இருக்கிற அதே ஆதியாகமத்தின் கடைசிப் பகுதியில் இன்னொரு சகோதரன் வருகிறான். அவனை யாரும் எந்தத் திட்டத்துக்கும் பெயராக வைக்கவில்லை. யூதா. யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவனே அவன்தான். வருஷங்களுக்குப் பிறகு பஞ்சம் வருகிறது. கடைசித் தம்பி பென்யமீனை எகிப்துக்கு அழைத்துப்போக வேண்டும். அப்பா விட மறுக்கிறார். அவனுக்கு நான் உத்தரவாதம் என்கிறான் யூதா. திருப்பிக் கொண்டுவராவிட்டால் அந்தப் பழி ஆயுள் முழுக்கத் தன்மேல் என்கிறான். எகிப்தில் பென்யமீன்மேல் திருட்டுக் குற்றம் சாட்டி அடிமையாகப் பிடித்துவைக்கிறபோது, பையனை விட்டுவிடுங்கள், அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் போய் நிற்கிறான். பென்யமீன் நல்லவனா, திருடினானா என்ற விவாதத்துக்குள் அவன் போகவில்லை. முன்பு செய்த காரியத்துக்குப் பதிலை அவன் வாயால் சொல்லாமல் உடம்பால் சொல்கிறான்.

காவலாளிக்கும் ஜாமீன்தாரனுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததல்ல. வங்கிக் கவுன்ட்டரில் தெரிந்தது. கடன் கேட்டு வருகிற இளைஞனுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. சிக்கனம், சேமிப்பு, சுறுசுறுப்பு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும் என்றதும் கூட்டம் கரைந்துவிடும். கையெழுத்துப் போடுகிறவர் பையனைவிட உயர்ந்தவர் என்று அந்தப் பத்திரம் எங்கும் சொல்லவில்லை. இவன் கட்டாவிட்டால் இவர் கட்ட வேண்டும், அவ்வளவுதான். காவலாளிக்குப் பையன் கெட்டுப்போனால் வருத்தம். ஜாமீன்தாரருக்கு நஷ்டம். தார்மீக உறவு எது என்று கேட்டால் நஷ்டப்படக்கூடியதைத்தான் நான் சொல்வேன்.

1969 ஜனவரியில் ஓக்லண்டில் ஒரு தேவாலயக் கூடத்தில் 'பிளாக் பாந்தர்'கள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காலை உணவு போட ஆரம்பித்தார்கள். பரிமாறியவர்களே போலீஸின் கண்காணிப்பில் இருந்தவர்கள். நஷ்டப்பட அவர்களிடம் இருந்ததெல்லாம் அவர்கள்தான். எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் துப்பாக்கியைவிட இந்தச் சாப்பாட்டைக் கண்டு அதிகம் பயந்தார் என்பது பிற்பாடு வெளியான கடிதங்களில் தெரிகிறது. (ஓக்லண்ட் பெயரைச் சொன்னதும் 1972 பம்பாயின் தலித் பாந்தர்களுக்கும், அங்கிருந்து நம் ஊர்ச் சேரிக்கும் தாவ மனசு துடிக்கும். தாவலாம், ஆனால் ஒப்புமை கிடைத்த சந்தோஷத்தில் இரண்டையுமே பார்க்காமல் விட்டுவிடுவது நம் வழக்கம் என்பதால் நான் தாவவில்லை.)

2018-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இந்தப் பிரச்னையின் தரையையே நகர்த்தியது. செய்தவர்களில் முதன்மையானவர் ராஜ் செட்டி. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா போனவர். ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரின் கணக்குகளைப் பார்த்தார்கள். ஒரே வருமானமுள்ள குடும்பத்தில், ஒரே வட்டாரத்தில் வளர்ந்தாலும் கறுப்பினப் பையன் பெரியவனாகி வெள்ளைப் பையனைவிடக் குறைவாகத்தான் சம்பாதிக்கிறான். 100-க்கு 99 வட்டாரங்களில் இப்படி. பெற்றோர் சேர்ந்து வாழ்கிறார்களா என்பது இந்த இடைவெளியில் கொஞ்சத்தைத்தான் விளக்குகிறது. மொய்னிஹனுக்கு 53 வருஷங்கள் கழித்து வந்த பதில். அவர்கள் கண்டதில் இன்னொன்று இதைவிடச் சுவாரஸ்யமானது. வறுமை குறைவாகவும், வெள்ளையரிடம் இனத் துவேஷம் குறைவாகவும், கறுப்பினத் தகப்பன்மார் நிறைய வீடுகளில் இருக்கவும் செய்கிற வட்டாரங்களில் கறுப்பினப் பையன்கள் நன்றாக வருகிறார்கள். அந்தப் பையனின் சொந்தத் தகப்பன் வீட்டில் இருக்கிறாரா என்பதைவிடத் தெருவில் எத்தனை தகப்பன்மார் இருக்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. அப்படிப்பட்ட வட்டாரங்களில் வளரும் கறுப்பினக் குழந்தைகள் 100-க்கு 5 பேர்கூட இல்லை.

இதை நான் ஜாமீன் கணக்காகத்தான் வாசிக்கிறேன். அடுத்த வீட்டு அப்பா இவனுக்குப் பாடம் எடுப்பதில்லை, அறிவுரைகூடச் சொல்வதில்லை. இவன் கண்ணாடியை உடைத்தால் போலீஸைக் கூப்பிடுவதற்குப் பதில் இவன் அம்மாவைக் கூப்பிடுகிறார். கடையில் வேலை இருக்கிறது, இந்தப் பையனைத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்கிறார். ஒபாமா சொன்ன மன்னிக்கிற சூழல் இத்தனை சின்னச் சின்ன ஜாமீன்களால் ஆனது. இது என் ஊகம்தான், புள்ளிவிவரம் இவ்வளவு பேசாது. ஆனால் இந்தத் தகப்பன்மாரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, பிறகு பையன்களுக்கு வழிகாட்டி நியமிக்க அறக்கட்டளை தேடுவது, யோசேப்பை விற்ற காசில் பென்யமீனுக்குச் சட்டை தைப்பது போல.

பெண் பிள்ளைகள் எங்கே என்ற கேள்வி 2014-லேயே எழுந்தது. கிம்பர்லே கிரென்ஷாவும் மற்றவர்களும், ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்டு, அதே வீட்டில் அதே பள்ளியில் வளரும் சகோதரிகளை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார்கள். செட்டியின் கணக்கைக் காட்டி, ஒரே வருமானக் குடும்பங்களில் வளர்ந்த கறுப்பினப் பெண்ணும் வெள்ளைப் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதிக்கிறார்கள், ஆகவே பிரச்னை பையன்களுடையது என்று வாதம் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். சம்பளத்தாலும் கைதாலும் அளந்தால் பையன்தான் தெரிவான். அவனை ஜாமீனில் எடுக்க அலைகிற அக்காளும், அவன் குழந்தையை வளர்க்கிறவளும் எந்த அளவையிலும் தெரிவதில்லை. யாரைக் காப்பது என்று பொறுக்கி எடுக்கும் உரிமை காவலாளியிடம் இருக்கும் வரை இது இப்படித்தான் இருக்கும். ஜாமீன் போட்டவர்களின் பட்டியலை எடுத்தால் அதில் பெரும்பாலும் பெண் பெயர்களாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜாமீன் என்ற சொல்லுக்கும் தமிழில் இரண்டு இடம் உண்டு. வங்கி ஒன்று, நீதிமன்றம் மற்றது. 2010 மே மாதம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கலீஃப் ப்ரௌடர் என்ற 16 வயதுப் பையனை ஒரு முதுகுப்பையைத் திருடியதாகச் சொல்லிப் பிடித்தார்கள். ஜாமீன் தொகை 3,000 டாலர். குடும்பத்தால் முதலில் அதைப் புரட்ட முடியவில்லை. பிறகு, ஏற்கெனவே நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவன் என்பதால் ஜாமீனே மறுக்கப்பட்டது. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருஷங்கள். அதில் ஏறக்குறைய இரண்டு வருஷம் தனிக்கொட்டடி. குற்றத்தை ஒப்புக்கொண்டால் வெளியே விடுகிறோம் என்றார்கள். செய்யாததை ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றான். எல்லிசனின் பையனைப் போல் சொல்லை விழுங்கவில்லை. 2013-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள், விசாரணையே நடக்கவில்லை. 2015 ஜூனில், 22 வயதில், வீட்டில் தற்கொலை செய்துகொண்டான்.

ஜாமீனுக்கு எதிராக எனக்கே உள்ள ஆட்சேபமும் இங்கேதான் எழுகிறது. பையன் கடன்பட்டிருக்கிறான் என்று ஒப்புக்கொண்டால்தானே ஜாமீன்? கலீஃப் யாருக்கும் எதுவும் கடன்படவில்லை. பென்யமீனும் அந்தக் கோப்பையைத் திருடவில்லை. அவன் சாக்கில் அதை வைக்கச் சொன்னதே அதிகாரத்தில் இருந்தவன். யூதாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் வழக்காடியிருப்பானா, அப்போதும் தன்னையே கொடுத்திருப்பானா என்பதைக் கதை சொல்லவில்லை.

அதே பிராங்க்ஸில் 2007-இல் ஏழைகளின் ஜாமீன் தொகையைக் கட்டுவதற்காக ஒரு நிதி தொடங்கினார்கள். வழக்கு முடிந்ததும் பணம் திரும்பி வரும், அடுத்தவனுக்குக் கட்டுவார்கள். சொந்தப் பணம் ஒரு பைசா போகாதவன் தப்பி ஓடிவிடுவான் என்பது நீதிமன்றங்களின் நம்பிக்கை. இவர்கள் ஜாமீன் கட்டியவர்களில் 100-க்கு 96 பேர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தார்கள். 2012-இல் நியூயார்க் மாநிலம் தர்ம ஸ்தாபனங்கள் ஜாமீன் கட்டலாம் என்று சட்டம் செய்தது. சிறு குற்றங்களுக்கு மட்டும், ஆளுக்கு 2,000 டாலர் வரை. கலீஃபுக்குக் கேட்டது மூவாயிரம். சாட்டியதும் சிறு குற்றமில்லை.